நாட்டுப்பாட்டும் ஒலிப்பதிவும்

தமிழன் ஏடு எழுதக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே பாடக் கற்றிருந்தான். ஏற்றம் இறைத்த போதும், நாற்று நட்ட போதும், நெல் குற்றிய போதும், தொட்டிலை ஆட்டிய போதும், மாண்டாரைச் சூழ்ந்தமர்ந்து அழுத போதும் அவனுக்கும் அவன் மனையாட்டிக்கும் பாட்டே துணையாயிருந்தது. தொல்காப்பியர் இத்தகைய பாட்டைப் 'பண்ணத்தி' என்னும் பெயரால் சுட்டினார். எழுதும் பயிற்சிக்குள் அடங்காத பாட்டு வகை என்று பேராசிரியர் உரை அதனை விளக்கும். இளங்கோவடிகளோ, அரசர்க்குரிய காப்பியத்தின் நடுவே கானல்வரிக்கும், ஆய்ச்சியர் குரவைக்கும், குன்றக் குரவைக்கும், அம்மானைக்கும், ஊசலுக்கும், வள்ளைப் பாட்டுக்கும் இருக்கை தந்து, நாட்டு மக்களின் பாட்டை நல்லிசைப் புலவரின் பாட்டோடு சரியாசனத்தில் அமர்த்தினார்.

ஆயினும் நமக்கு எஞ்சியவை சொற்களே. குரவையாடிய ஆய்ச்சியரின் குரல் எத்தகையது? உலக்கை விழுந்த இடத்தில் தாளம் எவ்வாறு விழுந்தது? அறிவார் யாருமிலர். அந்த ஓசை காற்றோடு போயிற்று. ஒலியைப் பிடித்து வைக்கும் கருவி மனிதன் கைக்கு வந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. அக்கருவி நம் நாட்டுப்பாட்டை எவ்வாறு நடத்தியது? பாட்டைப் பதித்தபோது பாடியவரையும் பதித்ததா? தம் கைப்பொருளைக் கொண்டு பாட்டைப் பதித்து வெளியிட முனையும் தனிக் கலைஞர்களுக்கும் அவர்களுக்குத் துணைநிற்கும் ஒலிப்பதிவாளர்களுக்கும் இவ்வரலாறு என்ன கற்பிக்கின்றது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஊரை விட்டு வந்து அணுசக்தி நகரில் குடியமர்ந்த நமக்கு இந்த ஆராய்ச்சி எத்துணை நெருக்கமானது என்பது இறுதியில் விளங்கும்.

இசைத்தட்டுக் காலம்

1877ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன் தாம் புனைந்த போனோகிராப் கருவியிடம் முதலில் பேசியது ஒரு குழந்தைப் பாட்டின் அடிகளையே என்பது குறிப்பிடத்தக்கது. ஒலிப்பதிவு தாய்மார் மடியிலிருந்து தொடங்கிற்று எனலாம். ஆனால் வணிகம் அதனை விரைவில் வேறு திசைக்கு இழுத்துச் சென்றது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் இறங்கி இந்தியப் பாடகர்களின் குரலைப் பதிவு செய்தார். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று தட்டுக்களாகித் திரும்பின. 1908இல் கல்கத்தாவின் சியால்டா என்னும் இடத்தில் தொழிற்சாலை எழுந்த பின்னர் தட்டுக்கள் இந்த நாட்டிலேயே வார்க்கப்பெற்றன.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். இரவு முழுதும் நீளும் வில்லுப்பாட்டும், விடியுமட்டும் நடக்கும் தெருக்கூத்தும் அந்த மூன்று நிமிடச் சிமிழுக்குள் எவ்வாறு அடங்கும்? மேலும், கிராமபோன் பெட்டி செல்வர் வீட்டுப் பொருள். வாங்குவோர் விருப்பமே பதிப்போர் விருப்பமாயிற்று. எனவே சங்கீத வித்துவான்களும், நாடக மேடையின் நட்சத்திரங்களான எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் போன்றாரும் தட்டில் புகழ் பெற்றனர். 1932இல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரும் நண்பர்களும் சென்னையில் தொடங்கிய சரசுவதி ஸ்டோர்ஸ், ஓடியன் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்த் தட்டுக்களைப் பெருக்கிற்று. இவற்றால் தமிழிசைக்கு விளைந்த நன்மை பெரிது. ஆயினும் களை பறித்தவளின் பாட்டு களத்து மேட்டிலேயே நின்றுவிட்டது.

அரசு ஒருபுறம் தன் தேவைக்காக ஒலிப்பதிவு செய்தது. கிரியர்சன் மேற்பார்வையில் நிகழ்ந்த இந்திய மொழியளவைக்காக 1913க்கும் 1929க்கும் இடையே பல மொழிகளில் கதைகளும் பாட்டுக்களும் தட்டில் ஏறின. அவர்கள் தேடியது மொழியின் மாதிரியை. பாடகனின் கலையை அவர்கள் தேடவில்லை.

இதே காலத்தில் ஹங்கேரி நாட்டில் பேலா பார்ட்டோக் என்னும் இசைமேதை, 1906 முதல் போனோகிராப் கருவியைச் சுமந்துகொண்டு சிற்றூர்தோறும் அலைந்தார். உழவர் பாடியதைப் பதித்துக் கேட்டு, குறிப்பெழுதி, தம் நாட்டு இசையின் வேர் அதுவே என்று நிலைநாட்டினார். நம் நாட்டில் அத்தகைய முயற்சிக்கு நாம் இன்னும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

வடாலாவில் ஒரு தொழிற்சாலை

இவ்வரலாற்றில் நம் பம்பாய்க்கும் ஓர் இடம் உண்டு. மாதுங்காவிற்கும் செம்பூருக்கும் நடுவே, நாம் அன்றாடம் கடந்து செல்லும் வடாலாவில், 'யங் இந்தியா' என்னும் பெயரில் இசைத்தட்டு வார்த்த ஒரு தொழிற்சாலை இருந்தது. நேஷனல் கிராமபோன் ரெக்கார்டு மானுபாக்சரிங் கம்பெனி 1935இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனை நடத்திற்று. பெருநிறுவனத்தின் வாயிலில் இடம் பெறாத பாடகர் பலர்க்கு இத்தகைய சிறு நிறுவனங்களே கதவு திறந்தன. தனிக் கலைஞர் என்று இன்று நாம் வழங்கும் சொல்லுக்கு முன்னோடிகளை இத்தகைய தட்டுக்களில் காணலாம்.

அந்தத் தட்டுக்களின் வரலாறு மறையாது காத்தவர்களுள் ஒருவர் இயற்பியலாளர் என்பது நமக்குச் சிறப்பான மகிழ்ச்சி தரும் செய்தி. அணுசக்தித் துறையின் குடும்பத்தைச் சேர்ந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சுரேஷ் சாந்த்வண்கர், 1990இல் மும்பையில் தோன்றிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தின் செயலாளராக இருந்து, பழந்தட்டுக்களையும் அவற்றின் விவரங்களையும் திரட்டும் பணியில் ஈடுபட்டார். விஞ்ஞானியின் கூடத்திற்கும் பாடகனின் குரலுக்கும் உறவில்லை என்று எண்ணுவோர்க்கு இஃது ஒரு நல்ல மறுமொழி.

அச்சும் ஒலிநாடாவும்

விடுதலைக்குப் பின் தமிழறிஞர் நோக்கம் நாட்டுப்பாட்டின்பால் திரும்பிற்று. ஆட்சித்துறை அதிகாரியாயிருந்த பெர்சி மக்வீன் திரட்டி வைத்த பாட்டுக்களைக் கி. வா. ஜகந்நாதன் ஆராய்ந்து பதிப்பித்தார். 'மலையருவி' என்னும் பெயருடன் அது 1958இல் வெளிவந்தது. 1964இல் நா. வானமாமலை 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்னும் பெருந்தொகுப்பைத் தந்தார். பாட்டைத் திரட்டியவர் யார், எந்த ஊரில் கிடைத்தது என்று பாட்டின் கீழே பொறிக்கும் நேர்மை அத்தொகுப்பின் அணி. ஊரும் பேரும் இல்லாத பாட்டு, முகவரி இல்லாத கடிதம் போன்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. அச்சிட்ட தாலாட்டைப் படித்து எந்தக் குழந்தையும் உறங்கியதில்லை. மெட்டும், இழுப்பும், இடையில் வரும் விம்மலும், பின்பாட்டுக்காரியின் குரல் சேரும் இடமும் அச்சில் ஏறா. அக்குறையைத் தீர்க்க வந்தது ஒலிநாடா. மூன்று நிமிட எல்லை அகன்றது. 1965இல் பிரெண்டா பெக் என்னும் ஆராய்ச்சியாளர் கொங்கு நாட்டில் தங்கி, பொன்னர் சங்கரின் வரலாறாகிய அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து ஒலிநாடாவில் பதித்தார். அதனைப் பாடிய இராமசாமி என்னும் கலைஞரின் பெயரும் உடன் நின்றது. நாடா சுழன்று கொண்டேயிருக்க, பாடகர் தம் போக்கில் கதையை வளர்த்துச் சென்றார். கருவி கலைக்கு வழிவிட்டால் என்ன கிட்டும் என்பதற்கு அஃது ஒரு சான்று.

வானொலியும் தன் பங்கைச் செய்தது. 1938இல் சென்னையிலும், 1939இல் திருச்சியிலும், 1963இல் திருநெல்வேலியிலும் எழுந்த நிலையங்கள் சிற்றூர்க் குரல்களுக்கு ஒலிவாங்கியை நீட்டின. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடிக் கருப்பாயி வானொலியில் பாடியவர். 1985இல் 'ஆண் பாவம்' திரைப்படத்தில் நடித்தும் பாடியும் நாடறிந்த பெயரானார். மதுரையை அடுத்த பரவை முனியம்மா 2003இல் 'தூள்' படத்தின் வாயிலாக நகரத்தார் செவிக்கு எட்டினார். அவர் 2020இல் மறைந்தார். திரையின் வெளிச்சம் படும் வரையில் இத்தகைய குரல்கள் வட்டார எல்லைக்குள்ளேயே நின்றன என்பது எண்ணத்தக்கது.

லெட்பெட்டர் கதை

பெயர் நிற்பதும் நில்லாததும் எத்துணை பெரிய வேறுபாடு என்பதை அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்று காட்டும். 1933இல் ஜான் லோமாக்சும் அவர் மகன் ஆலனும், ஏறத்தாழ 315 பவுண்டு எடையுள்ள ஒலிப்பதிவுக் கருவியைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலங்களில் பயணம் செய்தனர். லூசியானாவின் அங்கோலாச் சிறையில் ஹட்டி லெட்பெட்டர் என்னும் கறுப்பினப் பாடகரைக் கண்டு பதிவு செய்தனர். அவர் பாட்டு நாடெங்கும் பரவிற்று. ஆயின் பாட்டின் உரிமையில் லோமாக்சின் பெயரும் சேர்ந்து நின்றது. லெட்பெட்டர் 1949 டிசம்பரில் வறுமையில் மறைந்தார். அவர் பாடிய 'குட்நைட் ஐரீன்' 1950இல் வேறொரு குழுவின் குரலில் அந்நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. பாட்டு வென்றது, பாடியவர் அதைக் காண இல்லை. திரட்டியவரின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இல்லையேல் பாட்டே நமக்குக் கிட்டியிராது. ஆயினும் கிணற்றைத் தோண்டியவனும் இறைத்தவனும் தண்ணீரில் ஒத்த பங்கு பெற்றார்களா என்று கேட்பது நம் கடமை.

கேசட்டுப் புரட்சி

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கைக்குள் அடங்கும் ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. இந்தியாவில் 1980களில் அது காட்டுத் தீப்போல் பரவிற்று. ஓர் இசைத்தட்டு வார்க்கத் தொழிற்சாலை வேண்டும். கேசட்டுப் படியெடுக்க ஓர் அறை போதும். மூன்று நிமிடத்திற்குப் பதிலாகப் பக்கத்துக்கு அரை மணி கிட்டிற்று. சிற்றூர்ப் பாடகர் தம் வட்டாரத்து மக்களுக்கென்றே பாடிப் பதித்து, திருவிழாக் கடையில் விற்கும் நிலை முதன்முறையாக உண்டாயிற்று. 1976இல் 'அன்னக்கிளி' வாயிலாக இளையராஜா நாட்டு மெட்டைத் திரையின் நடுவே கொணர்ந்ததும், அம்மெட்டுக்குச் சந்தை உண்டு என்பதை யாவர்க்கும் உணர்த்தியிருந்தது.

இக்காலத்தில் தாமே திரட்டி, தாமே பாடி, மேடையிலும் ஒலிநாடாவிலும் நாட்டுப்பாட்டை நிலைநிறுத்திய இணையர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் நவநீதகிருஷ்ணனும் ஆவர். மதுரையில் ஆய்வும் பாட்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன. விஜயலட்சுமி அம்மையார்க்கு 2018இல் பத்மஸ்ரீ விருது கிட்டிற்று. வேதாரணியத்தை அடுத்த புஷ்பவனத்தில் பிறந்த குப்புசாமியும், அவர் துணைவியார் அனிதாவும் பாடிய பாட்டுக்கள் கடல் கடந்த தமிழர் இல்லங்களுக்கும் சென்றன. கே. ஏ. குணசேகரன் ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டையும் பறையின் முழக்கத்தையும் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்து வந்தார். பாட்டு பொழுதுபோக்குக்கு மட்டும் உரியது என்றிருந்த எண்ணத்தை அவர் மாற்றினார். 2016இல் அவர் மறைந்தது தமிழ்நாட்டுக்குப் பேரிழப்பு.

விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் குடும்பங்களின் பெட்டியில், முறுக்கு வடகத்தோடு இத்தகைய கேசட்டுக்களும் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் வந்து சேர்ந்ததை நம்மில் மூத்தோர் அறிவர். ஊர் மண்ணை எடுத்து வர இயலாது. ஊர்க் குரலை எடுத்து வர இயன்றது.

ஒலிப்பதிவாளன் கடமை

இனி, நாட்டுப்பாட்டைப் பதிப்பவன் அறிய வேண்டுவன யாவை என்று காண்போம். நம் நகரில் கருவிகளோடு பழகுவோர் பலராதலின், இப்பகுதியைச் சற்று விரித்துரைப்பது பொருந்தும்.

முதலாவது இடம். நடவுப் பாட்டு குனிந்த முதுகோடும் சேற்றில் நகரும் காலோடும் பிறந்தது. ஒருத்தி எடுக்க, பலர் வாங்கிப் பாடுவர். அவளை மட்டும் தனியே அழைத்து, நான்கு சுவரும் ஒலியை உறிஞ்சும் அறையில் நாற்காலியிலிட்டுப் பாடச் செய்தால், மூச்சு மாறும்; மூச்சு மாறினால் பாட்டு மாறும். ராஜஸ்தானத்துக் கமாய்ச்சாக் கலைஞர் சாகர்கானை, டெல்லியைச் சேர்ந்த அமர்ரஸ் என்னும் சிறு நிறுவனத்தார் அவர் வாழ்ந்த ஹமீரா என்னும் சிற்றூரிலேயே பதிவு செய்து வெளியிட்டனர். கலைஞர் 2013இல் மறைந்தார். அவர் வீட்டுச் சூழலும் அப்பதிவோடு நிலைத்து நிற்கின்றது. பாடகரைக் கருவியிடம் கொணர்வதினும் கருவியைப் பாடகரிடம் கொண்டு செல்வதே சிறப்பு.

இரண்டாவது காலம். இன்றைய ஒலிப்பதிவுக் கூடங்களில் 'கிளிக்' எனப்படும் இயந்திரத் தாளத்தைக் காதில் மாட்டிப் பாடச் செய்யும் வழக்கம் உண்டு. வெவ்வேறு நாளில் வெவ்வேறு கருவியைப் பதித்து ஒட்டுவதற்கு அது வசதி. ஆனால் வில்லுப்பாட்டில் கதை சூடேறும்போது தாளமும் ஓடும். தெய்வம் இறங்கும் நேரத்தில் உடுக்கை நெருக்கும். அந்த விரைவு பிழை அன்று. அதுவே பாட்டின் உயிர். குழுவினர் அனைவரையும் வட்டமாக அமர்த்தி, ஒருவர் முகத்தை ஒருவர் காண ஒருசேரப் பதிப்பதே இதற்கு மருந்து. ஒலிகள் ஒன்றோடொன்று சிறிது கலக்கும். கலக்கட்டும்! களத்திலும் அவை அவ்வாறுதான் கலந்தன.

மூன்றாவது சுருதி. பாட்டி தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் தொடங்குவாள். ஆர்மோனியக் கட்டையை அவள் கேட்பதில்லை. சுரத்தினின்று சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அவள் குரலைக் கணிப்பொறியின் சுருதித் திருத்தியில் இட்டுச் சலவை செய்தால், சுருக்கம் போகும். அதனோடு முகமும் போகும். ஒப்பாரியின் விம்மலைப் பிழையென்று திருத்தும் கருவிக்குத் துக்கம் என்ன தெரியும்?

நான்காவது கருவிகளின் இயல்பு. பறையைத் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய பின்னரே அடிப்பர். நேரம் செல்லச் செல்லத் தோல் தளரும், ஒலியும் இறங்கும். ஆகையால் காய்ச்சுவதற்கு இடமும் இடைவேளையும் தருதல் வேண்டும். அதன் முதல் அடி மிகக் கூர்மையானது. ஒலிவாங்கியை மிக அருகில் வைத்தால் அலையின் முடி வெட்டுண்டு கரகரப்பாகும். எட்ட வைத்தால் பறையின் முழக்கத்தோடு வெளியின் எதிரொலியும் சேர்ந்து நிறைவு பெறும். வில்லுப்பாட்டில் நாணின் அதிர்வும், வில்லில் கட்டிய மணியின் சிலம்பலும், குடத்தின் ஆழ்ந்த ஓசையும், உடுக்கையின் துடிப்பும் ஒரே மேடையில் நிகழும். தாழ்ந்த ஒலி எது, கூர்ந்த ஒலி எது என்று பகுத்தறிந்து ஒலிவாங்கிகளை நிறுத்துதல் பதிப்பவனின் திறமை. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இரும இலக்கங்களால் குறிப்பதே குறுந்தட்டின் முறை. அளக்கும் கருவி எத்துணை நுட்பமாயினும், வைக்கும் இடம் தவறினால் அளவும் தவறும் என்பதை நம் நகரத்தார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஐந்தாவது மரியாதை. சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாது என்று தயங்கும் தாய்மார் உண்டு. சாமியை அழைக்கும் பாட்டை விளையாட்டாகப் பாட மறுப்போரும் உண்டு. அத்தயக்கத்தை மூடநம்பிக்கை என்று நகைப்பவன் ஒலிப்பதிவுக்குத் தகுதியற்றவன். பாடுவதா, வேண்டாவா, எதனைப் பாடுவது, யார் கேட்கலாம் என்பன பாடுவோர் முடிவாதல் வேண்டும். பாட்டை அவர்க்கே மீண்டும் போட்டுக் காட்டி, அவர் இசைவு பெற்ற பின்னரே வெளியிடுதல் நெறி.

தனிக் கலைஞரும் சட்டமும்

கணிப்பொறியும் இணையமும் வந்த பின் ஒலிப்பதிவுக்குப் பெருநிறுவனத்தின் வாயிலில் காத்திருக்க வேண்டிய நிலை அகன்றது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதல் மேடையேறிற்று. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் தென்மாவின் துணையோடு அது அமைந்தது. வடசென்னைக் கானாவும் பறையும் ராப் என்னும் தாளப் பேச்சும் ஒன்று கூடிச் சாதிக் கொடுமையை எதிர்த்துக் குரல் எழுப்பின. அதே ஆண்டில் தாராவியைக் களமாகக் கொண்டு வந்த 'காலா' திரைப்படத்தில், தாராவியிலேயே வளர்ந்த டோப்அடெலிக்ஸ் குழுவின் இளைஞர்கள் தமிழில் பாடினர். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் தெருக்கள், இன்று தமக்கென ஒரு பாட்டைப் படைக்கின்றன. தெருவில் பிறந்து, தெருவாரின் துயரையும் செருக்கையும் பாடுவது நாட்டுப்பாட்டின் இலக்கணமென்றால், இதுவும் அதன் கிளையே.

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த முன்னோரின் நினைவைத் தம் பாட்டி வள்ளியம்மாளிடம் கேட்டறிந்த அறிவு, அதனை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடினார். சந்தோஷ் நாராயணன் அதனை உருவாக்கினார். அவ்வாண்டிலேயே ஓர் இசை இதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதபோது எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அவர்க்கெனத் தனியட்டை வெளிவந்தது. கோடிக்கணக்கானோர் கேட்கும் பாட்டிலும் பெயர் பற்றிய வினா எழுகின்றதென்றால், பெயரே இல்லாத கிழவியின் பாட்டுக்கு என்ன காவல்?

சட்டம் சிறிது காவல் தருகின்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடுவோர்க்குத் தனியுரிமை முதலில் இல்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே நிகழ்த்துநர் உரிமையைத் தந்தது. அவ்வுரிமைக் காலம் முதலில் 25 ஆண்டுகளாயிருந்து, 1999இல் 50 ஆண்டுகளாயிற்று. தம் நிகழ்ச்சி தம்முடையதென்று அடையாளம் காட்டப்பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. ஆகவே, மரபுப் பாட்டு யார்க்கும் சொந்தமன்று எனினும், அதனைப் பாடிய குரல் ஒருவர்க்குச் சொந்தம். இன்று இணையத்தில் பாட்டை வெளியிடும்போது இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் உண்டு. பதிவு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் அடையாளக் குறியும் உண்டு. 'மரபு' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு அக்கட்டங்களை வெறுமையாய் விடுவது எளிது. அந்த வெறுமையில்தான் பாட்டியின் பெயர் புதைகின்றது.

நாம் செய்யத்தக்கது

1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் எழுந்தது. 1956இல் அப்சரா அணுஉலை இயங்கிற்று. பின்னர், நாட்டின் பல திசையிலிருந்தும் வந்தோர்க்கென எழுந்த குடியிருப்பே நம் அணுசக்தி நகர். தஞ்சையும் நெல்லையும் கொங்கும் பாண்டி நாடும் இங்கே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றன. பிள்ளைகளைப் பார்க்க வந்து தங்கும் தாய்மாரும் மாமியாரும் மாலையில் மரத்தடி இருக்கைகளில் அமர்ந்திருப்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்களில் எத்தனை பேர் நடவுப் பாட்டு அறிந்தவர்? எத்தனை பேர் கும்மிக்கு அடியெடுத்துக் கொடுத்தவர்? நாம் கேட்டதில்லை, ஆதலின் அவர்கள் சொல்லியதில்லை. நம் மதிலுக்கு அப்பால், 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பெற்றோர் குடியேறிய சீத்தா கேம்பிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள பாட்டுக்கும் நம் செவி திறந்திருத்தல் வேண்டும்.

ஆண்டு விழா மேடையில் திரைப்பாட்டுக்கு ஆடும் குழந்தைகளை நாம் குறை கூறவில்லை. ஆயின் அக்குழந்தையின் பாட்டி பாடிய பாட்டை அக்குழந்தை கேட்டிருக்கின்றதா என்று பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. இன்று கைப்பேசியே ஓர் ஒலிப்பதிவுக் கருவி. மின்விசிறியை நிறுத்தி, சன்னலை அடைத்து, கைப்பேசியை மேசைமேல் அசையாது வைத்து, ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் போதும். நல்ல ஒலிவாங்கியும் அதனைக் கையாளும் அறிவும் உடைய இளைஞர் நம் நகரில் இல்லாமல் இல்லை. சிறந்த பத்துப் பாட்டைத் தேர்ந்து ஓர் ஒலித்தொகுப்பாகச் சங்கமே வெளியிடுதலும் இயலும். வருவாய் வந்தால் பாடியவர்க்குரிய பங்கை முன்னரே எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். ஒரு படியைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், 1982இல் தொடங்கிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசையாய்வுக் காப்பகம் போன்ற இடங்களோடு தொடர்பு கொண்டு சேர்ப்பிக்க முயலுதலும் அறிவுடைமை.

ஆய்வுக்கூடத்தில் நாம் பழகிய நெறி ஒன்றுண்டு. எந்த அளவையும் நாள், இடம், கருவி, அளந்தவர் பெயர் ஆகியவற்றோடு குறிப்பேட்டில் பதியாவிடின் ஏற்கப்படாது. அந்நெறியையே பாட்டுக்கும் கொள்வோமாக. பாடியவர் பெயர், பிறந்த ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவர், பதித்த நாள் என்னும் ஐந்து வரியைப் பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே சொல்லச் செய்வோமாக. தாள் கிழியலாம், குரல் கிழியாது.

ஆய்ச்சியரின் குரவை நமக்குச் சொல்லாக மட்டும் வந்து சேர்ந்தது. அதற்கு அக்காலத்தார் மீது குற்றமில்லை, அவர்கட்குக் கருவி இல்லை. நமக்குக் கருவி உண்டு, அறிவு உண்டு, பாடுவோரும் இன்னும் நம்மிடையே உளர். பாட்டும் பாடியவர் பெயரும் ஒன்றையொன்று பிரியாமல் நம் பேரர் கைக்குச் சேர்தல் வேண்டும். வாழ்க தமிழ்! வாழ்க அதனைப் பாடிய தாய்மார் பெயர்!